ஷவர்மா எந்த நேரத்தில் கெடுகிறது?

"சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்?"

அன்றிரவு அக்கா இதையே நாலைந்து தடவை கேட்டாள். போன வருடக் கோடை விடுமுறை அது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பும் முன் ஊருக்குள் ஒரு கடையில் ஆறு ஷவர்மா பார்சல் வாங்கியிருந்தோம். அப்போது மணி மதியம் மூன்று. பிள்ளைகள் வழியிலேயே பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றியதில் யாருக்கும் சாப்பாட்டு ஞாபகமே வரவில்லை. ஏரி, படகு, பகோடா பாயிண்ட் என்று சுற்றிவிட்டு அறைக்கு வந்தபோது இரவு ஒன்பது. அறையில் அடுப்பும் ஒரு தவாவும் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டு, இரண்டு பக்கமும் புரட்டி, ஆவி பறக்கக் கொடுத்தாள். பதினொரு மணிக்கு அவள் மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அடுத்த அரை மணி நேரத்தில் என் மகளும்.

மலையில் இருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்ட மருத்துவர், அதற்கப்புறம் கேட்டது மூன்றே கேள்விகள். எத்தனை மணிக்கு வாங்கினீர்கள்? எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள்? எத்தனை மணிக்கு முதல் வாந்தி? கடை சுத்தமாக இருந்ததா, கறி நாறியதா என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை.

பிள்ளைகள் மறுநாள் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார்கள். எனக்கு அந்த மூன்று கேள்விகள் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. அதன் பிறகு இந்த விஷயத்தைப் படித்தும், கடைகளில் நின்று பார்த்தும், மாஸ்டர்களிடம் பேசியும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊரில் இதே விஷயம் உயிரையே வாங்கியிருக்கிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 1997-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை நாமக்கல் எங்கள் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான். இன்றைக்கும் பாதி சொந்தக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஒருத்தி ஷவர்மா சாப்பிட்டு இறந்தாள். அங்கே பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா என்ற கிருமி உறுதி செய்யப்பட்டது. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோழியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் தவறவிடுகிற விஷயம் அதில் இருக்கிறது.

இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் ஒரே மாதிரிதான் நடந்தது. சோதனைகள், அபராதங்கள், கெட்டுப்போன இறைச்சியைக் கிலோ கணக்கில் குப்பையில் கொட்டும் படங்கள், சில நாட்களுக்கு விற்பனை நிறுத்தம். "பழைய கறியைப் போட்டுவிட்டான்" என்பதோடு எல்லோரும் முடித்துக்கொண்டார்கள். பழைய கறி ஒரு காரணம்தான். ஆனால் அன்று காலை வெட்டிய கோழியை வைத்து, நல்ல மனதோடு, சுத்தமான கடையில் போட்ட ஷவர்மாவும் ஆளைப் படுக்க வைக்கும். எப்படி என்று புரிய வேண்டுமானால் அந்தக் கம்பியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

நான் நின்றேன். புதிய பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பேக்கரி வாசலை வாடகைக்குப் பிடித்துப் போட்ட கடை. மாலை நாலு மணி. மாஸ்டருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தயிர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், மசாலா எல்லாம் போட்டு ஊற வைத்த எலும்பில்லாத கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் குத்தி, கையால் அழுத்தி அழுத்தி அடுக்கினார். உச்சியில் ஒரு வெங்காயம், ஒரு எலுமிச்சை. ஏழெட்டு கிலோ இருக்கும். அடுக்கி முடித்த கையைத் தோளில் கிடந்த துணியில் துடைத்துவிட்டு பர்னரைப் பற்ற வைத்தார். அந்தத் துணி இரவு பத்து மணி வரை அவர் தோளில்தான் இருந்தது.

ஷவர்மா அடுப்பில் தீ ஒரு பக்கம் இருக்கிறது, கறி சுற்றுகிறது. தீயைப் பார்க்கிற பக்கம் வேகும், மற்ற பக்கம் ஆறும். இறைச்சி சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். வெளியே ஓரம் கருகிக்கொண்டிருக்கும்போது, இரண்டு விரற்கடை உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் பச்சையாகவே இருக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை, ஷவர்மாவின் முறையே அதுதான். வெந்த மேல் அடுக்கை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அடுத்த அடுக்கு தீயைப் பார்த்து வேக நேரம் கொடுக்க வேண்டும். அப்புறம் மறுபடி சீவ வேண்டும். அந்த இடைவெளிதான் பாதுகாப்பு.

நாலரையிலிருந்து ஆறு வரை கூட்டமே இல்லை. கறி வறண்டு போய்விடும் என்று மாஸ்டர் தீயைக் குறைத்தார். சுற்றிக்கொண்டே இருந்தது, வாசனையும் அடித்தது. ஆனால் அந்தக் கூம்பு இப்போது கதகதப்பான ஒரு கூடு மாதிரிதான். ஏழரைக்கு மேல் டியூஷன் விட்ட பிள்ளைகளும் ஆபீஸ் முடிந்தவர்களும் மொய்த்தார்கள். இப்போது கத்தி ஓயவில்லை. மேல் அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு வேகக் காத்திருக்க ஆளில்லை. கத்தி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது. மிளகாய்த்தூள் சிவப்பில் வெந்தது எது, வேகாதது எது என்று கண்ணுக்குத் தெரியாது. நானும் உற்றுப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் வடிந்ததும் அவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. "அண்ணா, பத்து பேர் வரிசையில நிக்கிறப்ப நான் கத்தியப் பாக்கவா, பர்னரப் பாக்கவா? ரெண்டு நிமிஷம் லேட்டானா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், ஷவர்மா கடையில் ஆபத்தான நேரம் இரண்டு: ஆளே இல்லாத நேரமும், ஆள் தாங்காத நேரமும். ஆளில்லாதபோது கறி அரைச் சூட்டில் கிடக்கிறது. ஆள் நெரியும்போது பாதி வெந்தது இறங்குகிறது. கம்பியின் அடியில் இருக்கும் தட்டையும் சொல்ல வேண்டும். சீவிய துண்டுகள் விழுவது அதில். மேலே இன்னும் வேகாத பகுதியிலிருந்து சொட்டும் சாறு விழுவதும் அதிலேதான். வெந்த துண்டின் மேல் பச்சைக் கோழிச் சாறு. அதையே கரண்டியால் கிளறி குபூஸ் ரொட்டியில் வைத்துச் சுருட்டுகிறார்கள்.

இனி கிருமிகளிடம் வருவோம்.

உணவில் வளரும் கிருமிகளுக்குப் பிடித்த சூடு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே மந்தமாகக் கிடக்கும், மேலே போனால் வளராது. கோழிக்கறியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டால் நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். வசதியான சூட்டில், ஈரத்தில், கறி மாதிரி சத்துள்ள பொருளில் பல கிருமிகள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு துண்டில் 100 கிருமி இருந்தால் ஒரு மணி நேரத்தில் 800. அது பரவாயில்லை என்று தோன்றும். நாலு மணி நேரத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும். ஆறு மணி நேரத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல். முதல் இரண்டு மணி நேரத்துக்கும் கடைசி இரண்டு மணி நேரத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நாங்கள் வாங்கியது மூன்று மணி, சாப்பிட்டது ஒன்பது மணி.

இத்தனை கோடி சேர்ந்தபிறகும் கறி நாறாது. இது எனக்கே புதிதாக இருந்தது. உணவை நாற வைப்பதும் பிசுபிசுக்க வைப்பதும் வேறு வகைக் கிருமிகள். நோய் தருபவை பெரும்பாலும் வாசனையையும் ருசியையும் தொடுவதில்லை. "மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்ற நம் வீட்டுச் சோதனை பால் திரிந்ததைக் கண்டுபிடிக்கும், சால்மோனெல்லா மாதிரியான நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்காது.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். சூடு பண்ணியும் ஏன்?

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி. ஆரோக்கியமானவர்களில் மூன்றில் ஒருவர் மூக்கில் இது குடியிருக்கிறது. கையில் சின்ன வெட்டுக்காயம், கொப்புளம் இருந்தால் அங்கேயும். மூக்கைத் தொட்ட கை கறியைத் தொட்டால் போதும். இன்னொன்றும் உண்டு: பச்சைக் கறியில் மற்ற கிருமிகளோடு போட்டி போட இதற்குத் தெம்பு கிடையாது. வேக வைத்த கறியில் போட்டியாளர்கள் செத்திருப்பார்கள். அப்போது கையிலிருந்து வந்து ஏறினால் காலி மைதானம். அதாவது, வெந்த பிறகு கை படுகிற உணவுதான் இதற்கு ஏற்ற இடம். ஷவர்மா முழுக்க முழுக்க அப்படிப்பட்ட உணவு. பெருகும்போது இது ஒரு நச்சை உணவில் விடுகிறது. தவாவில் புரட்டினால் கிருமி சாகும், நச்சு சாகாது. அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் தாங்கக்கூடிய நச்சு அது. சாப்பிட்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில், குடலைப் புரட்டும் வாந்தி. காய்ச்சல் அதிகம் இருக்காது, ஒரு நாளில் தெளிந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான். சோதனை எதுவும் செய்யவில்லை, ஆனால் மருத்துவர் மூன்று நேரங்களையும் கேட்டுவிட்டு முதலில் சொன்னது இதைத்தான்.

சால்மோனெல்லா வேறு வகை. கோழியின் குடலில் இருப்பது, பச்சைக் கறியோடு வருவது. சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்கள் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசையும் வலி. நன்றாக வேகவைத்தால் சாகும், அதனால் இது கத்தி ஆழமாகப் போகும் எட்டு மணிக் கூட்டத்தின் கிருமி. கேம்பைலோபாக்டரும் அப்படித்தான், ஆனால் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து வரும்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற வாயில் நுழையாத பெயருள்ள ஒன்று, மிஞ்சிய கூம்பில் வளர்வது. இதன் விதை போன்ற வித்துகள் சமைக்கிற சூட்டையும் தாங்கிவிடும். பெரிய கறிப் பிண்டம் மெதுவாக ஆறும்போது, 45 டிகிரியை ஒட்டிய சூட்டில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறைகூட இரட்டிக்கும். இரவு பதினொரு மணிக்கு மீந்த மூன்று கிலோ கம்பியை அப்படியே ஃப்ரிட்ஜில் தூக்கி வைக்கிற கடை உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம் என்ற நிம்மதி நமக்குத்தான். அந்தப் பிண்டத்தின் நடுப்பகுதி குளிர விடிந்துவிடும். மறுநாள் அதன் மேலேயே புதுக் கறியைக் குத்துவார்கள். மிஞ்சியதை முழுக்கச் சீவி, கல்லில் நன்றாக வேகவைத்து, அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி உடனே குளிரவைத்தால் கதை வேறு. ஆனால் நேர்மையாகச் சொன்னால், மிஞ்சிய கூம்பு குப்பைக்குத்தான் போக வேண்டும். அதைத் தூக்கிப் போட மனம் வராததன் காரணம் எனக்குப் புரிகிறது. அன்றைய லாபமே அந்த மூன்று கிலோவில்தான் இருக்கும்.

இப்போது ஷிகெல்லா. இது கோழியில் வாழும் கிருமி கிடையாது. மனிதக் குடல்தான் இதன் வீடு. ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை சரியாகக் கழுவாமல் உணவைத் தொட்டாலோ, சாக்கடை கலந்த தண்ணீரைப் புழங்கினாலோதான் உணவுக்குள் வரும். பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும், ஆள் விழுந்துவிடுவார். செறுவத்தூரில் ஷிகெல்லா தெரிந்ததும் எல்லோரும் கோழியைத் திட்டினார்கள். அது கையையும் தண்ணீரையும் பற்றிய சேதி. கோழியை எவ்வளவு வேக வைத்தாலும், சுருட்டுகிற கையில் இருந்தால் தப்பிக்க வழியில்லை. தெருக்கடை மாஸ்டருக்குக் கை கழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நான் நின்ற கடையில் ஒரு இருபது லிட்டர் கேன். பாத்திரம் கழுவவும், கை கழுவவும், குடிக்கவும் அதுவேதான். கழிப்பறைக்குப் பேருந்து நிலையத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஆறு மணி நேரத்தில் அவர் ஒரு முறைகூட சோப்பைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைவிட, அங்கே சோப்பே இல்லை.

மயோனைஸ் பற்றிச் சொல்லாவிட்டால் முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரர்கள் என்னை விடமாட்டார்கள். பச்சை முட்டை, எண்ணெய், பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை அல்லது வினிகர், இவற்றை மிக்ஸியில் அடித்தால் மயோனைஸ். வேக வைக்கிற வேலையே இல்லாத பண்டம். சால்மோனெல்லாவில் ஒரு வகை கோழியின் சினைப்பை வழியாக முட்டை உருவாகும்போதே உள்ளே போய்விடும். முட்டையின் ஓட்டை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. வெயிலில், திறந்த டப்பாவில், மத்தியானத்திலிருந்து இரவு வரை அந்த மயோனைஸ் நிற்கும். மேலாக ஒரு கரண்டி, ஈ வந்தால் ஓட்டும் ஒரு அட்டை.

கேரளம் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியில். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. முட்டையில்லாத மயோனைஸும், கிருமி போகும் அளவு பதமாகச் சூடுபடுத்திய முட்டையில் செய்ததும் இந்தத் தடைக்குள் வரவில்லை. நல்ல முடிவு, நான் முழு மனதாக வரவேற்கிறேன். ஆனால் தடை வந்ததும் கடைக்காரர்கள் பலர் "இப்ப பயமில்ல, முட்டை போடறதில்ல" என்று சொல்வதைக் கேட்கிறேன். முட்டை போனது சரி. மூன்று மணியிலிருந்து பதினொரு மணி வரை வெளியே நிற்கும் டப்பா போகவில்லையே. முட்டையில்லாத மயோனைஸிலும் கரண்டி வழியாக, கை வழியாகக் கிருமி ஏறும்.

முட்டைக்கோஸ், வெங்காயம், வெள்ளரி நறுக்கும் பலகை தனியாக இருக்கிறதா என்பதும் முக்கியம்தான். கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரியை நறுக்கினால், வேகாமலே வாய்க்குப் போகும் பொருளில் பச்சைக் கோழியின் கிருமி ஏறிவிடும்.

மலைக்குப் போனால் குளிர் காப்பாற்றும் என்று நாங்கள் நினைத்தோம். சேர்வராயன் மலைக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும் சேலத்துக்காரர்கள் எல்லோரும் கீழேயே சாப்பாட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு போவது வழக்கம். மேலே விலை அதிகம், சீசனில் கூட்டமும் அதிகம். ஊரிலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. கோடை விழா சமயம் என்றால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அடிவாரத்தில் வெயிலில் நின்ற காரின் டிக்கிக்குள், ஃபாயில் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டிய ஷவர்மா என்ன சூட்டில் இருக்கும்? கை பொறுக்கும் கதகதப்பு. கிருமிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஃபாயில் சூட்டைப் பிடித்து வைப்பதும் சேர்ந்து கெடுக்கிறது. மேலே போனதும் நமக்கு ஸ்வெட்டர் தேடும் குளிர். ஆனால் 20 டிகிரி என்பது கிருமிக்குக் குளிரே இல்லை, வேகம்தான் கொஞ்சம் குறையும். ஃப்ரிட்ஜின் 5 டிகிரி வேறு, ஏற்காட்டுச் சாயங்காலம் வேறு.

மலையைப் பற்றி இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமாகும். கிருமி சாகுமா? சாகும். 75 போதும் என்னும்போது 95 தாராளம்.

யோசித்துப் பார்த்தால், சேலத்துக்குத் தெருவோரத்தில் ஒன்றின் நடுவில் ஒன்றை வைத்துத் தருவது புதிதில்லை. தட்டுவடை செட் வேறு என்ன? இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே காரச் சட்னி, புளிப்புச் சட்னி. அம்மாபேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகத் தள்ளுவண்டியில் சாப்பிடுகிறோம். அதிலும் கையும் தண்ணீரும் தப்பாகப் போகலாம். ஆனால் மொறுமொறுவென்று காய்ந்த தட்டுவடையில் ஈரமில்லை, கிருமி வளராது. சட்னியில் புளிப்பும் உப்பும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கண் முன்னே அடுக்கி, நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்கிறோம். பார்சல் கட்டினால் நமுத்துப்போகும் என்பதால் யாரும் ஆறு மணி நேரம் வைத்திருப்பதில்லை. அந்த நமுத்துப்போகும் குணமே ஒரு காவல். ஷவர்மா நமுக்காது. ஆறு மணி நேரம் கழித்தும் தின்ன நன்றாகவே இருக்கும்.

அதே மாதிரி, தீர்வும் நம் தெருவிலேயே இருக்கிறது. கொத்து பரோட்டாக் கல்லைப் பாருங்கள். சால்னாவிலிருந்து கறியை எடுத்துக் காய்ந்த கல்லில் போட்டு, இரண்டு கரண்டியால் கொத்தி, புகை எழும்பத்தான் தட்டில் தள்ளுகிறார்கள். கம்பியிலிருந்து சீவிய கறிக்கும் இதைச் செய்தால் போதும். கனடாவில் 2000-களில் இதே வகைக் கம்பிக் கறியால் ஈ.கோலை ஓ157 கிருமி பரவியபோது அங்கே உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் கொடுத்த முக்கியமான பரிந்துரை இதுதான்: சீவியதை அப்படியே பரிமாறாதே, கல்லில் இரண்டாம் முறை வேக வை. இப்படிச் செய்தால் கத்தி ஆழமாகப் போனதும், மேலிருந்து சொட்டிய சாறும் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. நச்சு உருவாகிவிட்ட கறியை இது காப்பாற்றாது என்பதை அக்கா நன்றாகக் கற்றுக்கொண்டாள், ஆனால் அன்றன்றைக்குப் போட்ட கறிக்கு இதைவிட எளிய காவல் எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். கல் வைக்க இடமில்லை, இன்னொரு சிலிண்டர் வேண்டும் என்றார். பிறகு சொன்னார்: "ஒன்பது வருசமா போடுறேண்ணா. ஒருத்தர்கூட வந்து வயிறு வலிக்குதுன்னு சொன்னதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை இரவு அவரிடம் சாப்பிட்டவருக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வருகிறது. அவர் திங்கட்கிழமை சாப்பிட்ட பிரியாணியைத்தான் திட்டுவார். நாமும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுகிறோம். ஒரு தையல்காரர் அளவு தப்பினால் மறுநாளே சட்டை திரும்பி வரும். ஷவர்மா மாஸ்டருக்குத் தன் தவறு திரும்பி வருவதே இல்லை. வந்தால் ஒரேயடியாக, நாமக்கல்லில் வந்த மாதிரி வருகிறது. அதனால்தான் அனுபவத்தை நம்பி இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. வெப்பமானி வேண்டும், கடிகாரம் வேண்டும், சொல்லித் தர ஆள் வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தள்ளுவண்டியும் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கிறது. ஆனால் அதிகாரி காலை பதினொரு மணிக்கு வந்து எடுக்கும் மாதிரி, முந்தின நாள் இரவு எட்டு மணிக்குக் கத்திக்கு அடியில் விழுந்த துண்டு இல்லை. சோதனைக்குப் போகும் நேரத்தை மாலை ஏழரைக்கு மாற்றினால், கடைக்கு ஒரு குழாயும் சோப்பும் கிடைக்கும்படி மாநகராட்சி செய்தால், அபராதத்தைவிட அது அதிகம் காப்பாற்றும் என்று நினைக்கிறேன்.

வாங்குகிற நாம் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தீ எரிகிறதா, சும்மா சுற்றுகிறதா? சீவிய கறி கல்லுக்குப் போகிறதா? போகாவிட்டால் "அண்ணா, ஒரு புரட்டு புரட்டிக் குடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் பலரும் செய்கிறார்கள், நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கும் கையும் சுருட்டும் கையும் ஒன்றேதானா? மயோனைஸ் ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதா? முடிந்தால் அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பார்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். நேரமாகிவிட்டால் காசு போனால் போகிறது என்று விட்டுவிடுங்கள். முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வயதானவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை வாந்தி, பேதி ஆரம்பித்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டு மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஆள் சோர்ந்து மயங்குகிறார் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. செறுவத்தூரிலும் நாமக்கல்லிலும் இறந்தவர்கள் இருவருமே பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்.

மிச்சம் இருக்கும் உணவைத் தூக்கிப் போடாமல், ஒரு பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். வாங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், முதல் வாந்தி வந்த நேரம், மூன்றையும் எழுதி அனுப்புங்கள். நாங்கள் அன்று அனுப்பவில்லை. மறுநாள் காலை அறையைக் காலி செய்யும்போது குப்பைக்கூடையில் கிடந்த ஃபாயில் உறைகளைப் பார்த்தேன். கடையின் பெயரும், போன் நம்பரும், சிரிக்கும் ஒரு கோழிப் படமும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுத அதில் இடம் நிறைய இருந்தது.